மொட்டை மாடியில் ஒரு அரியர் வாத்தியார்!

உங்களுக்கு எத்தனை அரியர், பாஸ்?

கோச்சுக்காதீங்க. சம்பளத்தையும் வயசையும் கேட்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க. இன்ஜினீயரிங் படிக்கிறவன்கிட்ட இதையும் கேட்கக் கூடாதுதான். அதனால, என்னோடதை நானே முதல்ல சொல்லிடுறேன். ஒண்ணே ஒண்ணு. எம்-3. ஆனா, அந்த ஒண்ணுலயே ரெண்டு தடவை!

ஆர்ட்ஸ் காலேஜ் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எம்-3ங்கிறது மூணாவது செமஸ்டர் கணக்கு. முழுப் பேரு 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ்'. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். ஃபோரியர் சீரிஸ், ஹீட் ஈக்வேஷன், இசட் டிரான்ஸ்ஃபார்ம்னு அஞ்சு யூனிட். நல்லாப் படிக்கிற பசங்களையே கவிழ்த்துவிடுற பேப்பர். நானோ, ப்ளஸ் டூ கணக்கையே சாமி கும்பிட்டுக் கும்பிட்டுத் தாண்டின ஆளு.

2024 நவம்பர்ல முதல் தடவை எழுதினேன். ஊத்திக்கிச்சு. ஹாஸ்டல்ல ஒரு ஃபைனல் இயர் அண்ணன் தோள்ல கை போட்டு ஒரு பிளான் கொடுத்தாரு. "தம்பி, ஃபோரியர் சீரிஸ் பக்கமே போகாத. நாலாவது யூனிட், அஞ்சாவது யூனிட் ரெண்டை மட்டும் உருப்போடு. ரெண்டு பதினாறு மார்க், முப்பத்திரண்டு கையில. டூ மார்க்ல ஒரு பதிமூணு தேத்து. நாற்பத்தஞ்சு. பார்டர்ல பாஸ். புரியணும்னு எல்லாம் ஆசைப்படாத, புரிஞ்சவனுக்கும் பாஸ்தான், புரியாதவனுக்கும் பாஸ்தான்!"

என்ன ஒரு தத்துவம்! அப்படியே நம்பினேன். போன கேள்வித்தாள்ல வந்த கணக்குகளைச் சினிமாப் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணினேன். 2025 ஏப்ரல்ல மறுபடி எழுதினேன். மறுபடி ஊத்திக்கிச்சு. பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தா, முப்பத்தெட்டு. இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்குல மூணாவது வரியில ஒரு மைனஸைத் தவறவிட்டிருக்கேன். அதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்குக் கையெழுத்து அழகா இருக்கு, அவ்வளவுதான். விடை வினோதமா வந்தப்பகூட எனக்குச் சந்தேகமே வரலை பாருங்க. பாட்டு வரி மறந்தவன் 'லலலா' போட்டுச் சமாளிக்கிற மாதிரி, மீதியை நிரப்பிட்டு வந்திருக்கேன்.

இதுல சிரிக்க முடியாத பகுதி ஒண்ணு இருக்கு. எங்க அப்பா பள்ளிபாளையத்துல விசைத்தறி ஓட்டுறாரு. தறி சொந்தம் இல்லை. பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். அம்மா வீட்ல தார் சுத்துறாங்க. முதல் பட்டதாரி சலுகை போக மீதி ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்குமா நான் சேர்ந்தப்ப தறி முதலாளிகிட்ட அப்பா எண்பதாயிரம் முன்பணம் வாங்கினாரு. எங்க ஊர்ல முன்பணம்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அது தீர்ற வரைக்கும், பக்கத்துப் பட்டறையில கூலி கூட கொடுத்தாலும் போக முடியாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனிகள்ல பெரும்பாலானதுக்கு முதல் நிபந்தனையே 'அரியர் இருக்கக் கூடாது'. கணக்கு போட்டுப் பாருங்க. இந்தக் கணக்கு எனக்குச் சரியாவே வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ணினாரு. பின்னாடி தறிச் சத்தம். "ரிசல்ட்டு வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்கப்பா."

வந்து நாலு நாளாகியிருந்துச்சு.

சரி, மொட்டை மாடிக்கு வருவோம்.

அஞ்சாவது செமஸ்டர் தொடங்கின புதுசு. மெஸ்ஸுக்குப் போனாலும் எம்-3 புக், பஸ்ஸுக்கு நின்னாலும் எம்-3 புக். படிச்சேன்னு சொல்ல மாட்டேன். கையில இருந்தா மனசாட்சி கொஞ்சம் சும்மா இருக்கும். இதைக் கவனிச்ச செகண்ட் இயர் ஜூனியர் ஒருத்தன் ஒருநாள் பயபக்தியோட வந்து நின்னான். "அண்ணா, நீங்க எம்-3ல பெரிய ஆளாமே? எப்பவும் அந்த புக்கோடவே இருக்கீங்க. எங்களுக்கு ஃபோரியர் சீரிஸ் சொல்லித் தர்றீங்களா?"

நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கணும். 'டேய் தம்பி, இது பாண்டித்யம் இல்லடா, பாக்கி'ன்னு. ஆனா, அவன் பார்த்த பார்வை இருக்கே... ரெண்டு வருஷமா என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "சரி, நாளைக்கு ஒம்பது மணிக்கு மேல மொட்டை மாடிக்கு வாங்க"ன்னுட்டேன். வெட்டி வீறாப்புதான். மறைக்க ஒண்ணும் இல்லை.

ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். "மாப்ள, நீச்சல் தெரியாதவன் லைஃப் கார்டு வேலைக்குப் போன மாதிரி இருக்குடா!"

மறுநாள் ராத்திரி பதினோரு பேர். தண்ணி டேங்க் சுவத்துல சாக்பீஸால எழுதினேன். ஏ-நாட் பை டூ, ப்ளஸ் சிக்மா, ஏ-என் காஸ் என்-எக்ஸ், ப்ளஸ் பி-என் சைன் என்-எக்ஸ். மனப்பாடம்தானே, மழை மாதிரி கொட்டினேன். பத்து நிமிஷம் நான்தான் ராமானுஜன். அப்ப மூலையில உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, ஏ-என், பி-என் எல்லாத்தையும் அப்படியே போடுறோம். ஏ-நாட்டுக்கு மட்டும் ஏன் பை டூ?"

"ஃபார்முலா அப்படித்தான்டா."

"அதான் ஏன்ணா?"

ஙே! ரெண்டு தடவை பரீட்சை எழுதியிருக்கேன். நூறு தடவையாவது அந்த 'பை டூ'வைக் கையால எழுதியிருப்பேன். ஏன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு இறங்கினவன், கால் மணி நேரம் படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தேன். ஓடிடலாமான்னு தோணுச்சு. மேல பதினோரு செருப்புச் சோடி... அதைத் தாண்டித்தான் ரூமுக்கே போயாகணும்னா நான் ஓடியே இருப்பேனோ என்னவோ, ரூம் கீழ்த்தளத்துலதான் இருந்துச்சு. ஆனாலும் மேல ஏறினேன். "தம்பிகளா, எனக்குத் தெரியலை. நாளைக்குச் சொல்றேன். இன்னொண்ணும் சொல்லிடுறேன், எனக்கு இந்தப் பேப்பர் ரெண்டு அரியர்."

அமைதி. ஒருத்தன் மட்டும் சொன்னான். "அப்ப நாங்க எங்க சறுக்குவோம்னு உங்களுக்குத்தான்ணா நல்லாத் தெரியும்!" கலாய்ச்சானா, நிஜமாச் சொன்னானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

அந்த ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். பரீட்சைக்காக இல்லாம கணக்கு போட்டது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. விடை இவ்வளவுதான். ஒரு முழுச் சுற்றுக்கு காஸ் ஸ்கொயரோட சராசரி அரை. ஆனா, என்-க்குப் பதிலா பூஜ்யத்தைப் போட்டா காஸ் ஒண்ணாயிடும். அதோட சராசரியும் ஒண்ணு. அதனால, ஏ-என் ஃபார்முலாவிலேயே ஏ-நாட்டையும் கண்டுபிடிச்சா, அலையோட உண்மையான சராசரியைப் போல ரெண்டு மடங்கு வந்து நிக்கும். அதைச் சரிபண்ணத்தான் அந்த பை டூ. ஒரே ஃபார்முலாவை எல்லாத்துக்கும் வெச்சுக்கணும்னு ஆசைப்பட்டதுக்குக் கட்டின அபராதம்! புரிஞ்சப்ப ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். அவன் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

அதுக்கப்புறம் வாரத்துக்கு மூணு ராத்திரி. வாட்ச்மேன் அண்ணன் முதல்ல விரட்டினாரு, பிறகு அவரே ஒரு எல்.இ.டி. பல்பு இழுத்துக் கொடுத்தாரு. ஒவ்வொரு நாளும் எவனாவது ஒருத்தன் 'ஏன்'னு கேட்பான். பாதி கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கேள்வியைக் கையில எழுதிக்கிட்டு, மறுநாள் எங்க கணக்கு மேடம்கிட்ட போய் நிப்பேன். ரெண்டு வருஷம் கடைசி பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கிட்டிருந்தவன், வாரத்துக்கு மூணு தடவை ஸ்டாஃப் ரூமுக்குப் போனா அவங்களுக்கு எப்படி இருக்கும்? "உடம்புக்கு எதுவும் சரியில்லையாப்பா?"ன்னு கேட்டாங்க.

ஒருநாள் எக்ஸ் ஸ்கொயருக்கு சீரிஸ் போட்டோம். பெர்னோலி ஃபார்முலாவை வெச்சுப் பிரிச்சு, கடைசியில எக்ஸுக்கு பை-னு போட்டா, ஒண்ணு, கால், ஒம்பதுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணுன்னு போற முடிவே இல்லாத கூட்டலோட விடை வந்து விழும். பை ஸ்கொயர் பை சிக்ஸ். 'டெட்யூஸ் தட்'னு கேள்வித்தாள்ல வர்றதை இயந்திரம் மாதிரி எழுதிட்டுப் போவோமே, அதேதான். வெறும் முழு எண்களோட வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கூட்டிக்கிட்டே போனா, வட்டத்தோட பை எங்கிருந்து வந்து குதிச்சுது? 1730-கள்ல ஆய்லர் இந்த விடையைக் கண்டுபிடிச்சுதான் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினார்னு படிச்சேன். நாங்க பன்னெண்டு பேரும் டேங்க் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் போனைக்கூட எடுக்கலை.

அந்த ஃபோரியர் மேலயும் ஒரு மரியாதை வந்துடுச்சு. இந்த மனுஷன் ஒரு தையல்காரர் மகன். பத்து வயசுக்குள்ள அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்தவர். நெப்போலியனோட 1798-ல் எகிப்துக்குப் போனவர். திரும்பி வந்து, பிரான்ஸ்ல கிரெனோபில் நகரத்துல நம்ம ஊர் கலெக்டர் மாதிரி ஒரு வேலையைப் பார்த்துக்கிட்டே, வெப்பம் எப்படிப் பரவுதுன்னு ஆராய்ஞ்சு 1807-ல் ஒரு கட்டுரை சமர்ப்பிச்சார். அதைப் பரிசீலிச்சது யார்னு பார்த்தா... லக்ராஞ், லாப்லாஸ்! நம்ம சிலபஸ்ல வர்ற அதே வில்லன்கள்தான். 'எந்த ஃபங்ஷனையும் சைன், காஸா பிரிச்சுடலாமா? அது எப்படி?'ன்னு லக்ராஞ் ஒத்துக்கவே இல்லை. 1811-ல் மறுபடி அனுப்பினார். 1812-ல் பரிசைக் கொடுத்தாங்க, கூடவே 'நிரூபணம் போதாது'ன்னு ஒரு கொட்டும் வெச்சாங்க. புத்தகமா வெளிவந்தப்ப வருஷம் 1822. பதினஞ்சு வருஷம்! நமக்கு ரெண்டு செமஸ்டர்லயே நாக்கு தள்ளுது.

இதுல எனக்குப் பிடிச்சது அவர் ஜெயிச்ச கதை இல்லை. கொட்டு வெச்சவங்க சொன்னதும் சரிதான்ங்கிறதுதான். நிரூபணத்துல ஓட்டை நிஜமாவே இருந்துச்சு. எந்த மாதிரி ஃபங்ஷனுக்கு இது செல்லும்னு 1829-ல் டிரிச்லேங்கிறவர் வந்துதான் ஒழுங்கா வரையறுத்தார். 'ஸ்டேட் டிரிச்லேஸ் கண்டிஷன்ஸ்'னு வருமே டூ மார்க், அது அந்த ஓட்டையை அடைச்ச சிமென்ட். இது தெரிஞ்சப்புறம் அந்த டூ மார்க்கை என்னால மறக்கவே முடியலை.

சும்மா சொல்லலை, இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 2006-ல் அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைப் படிக்கக் கொடுத்தாங்க. ஒரு குரூப் திரும்பத் திரும்பப் படிச்சுது. இன்னொண்ணு, புத்தகத்தை மூடிட்டு நினைவுல இருக்கிறதை எழுதிப் பார்த்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப, திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப தலைகீழ். கஷ்டப்பட்டு ஞாபகப்படுத்தினவங்க மனசுலதான் பாடம் நின்னுச்சு. ராபர்ட் பியார்க்னு இன்னொரு உளவியலாளர் இந்த மாதிரிக் கஷ்டங்களுக்கு 'விரும்பத்தக்க சிரமங்கள்'னே பேரு வெச்சிருக்கார். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹைலைட்டரோட உட்கார்ந்து, 'எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கே'ன்னு தோணுமே... அந்த 'மாதிரி'தான் ஆளைக் கவிழ்க்கிறது. முப்பத்தெட்டு வாங்கினவன் சொல்றேன், நம்புங்க.

ஆனா ஒண்ணு, இங்கே கொஞ்சம் கோபமாவே பேசணும். எங்க காலேஜுக்கு ஒருநாள் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருத்தர் வந்தார். 'கஷ்டம்தான் மனுஷனைச் செதுக்குற உளி'ன்னு ஒரு மணி நேரம் முழங்கினார். என் பக்கத்துல உட்கார்ந்திருந்த கிளாஸ்மேட் தூங்கிக்கிட்டிருந்தான். அவன் டே ஸ்காலர். அப்பா இல்லை. பைபாஸ்ல ஒரு பரோட்டா கடையில ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை செஞ்சுட்டு, காலையில எட்டரை மணி கிளாஸுக்கு வர்றவன். அந்தக் கஷ்டம் அவனைச் செதுக்கலைங்க. அவன் தூக்கத்தைத் திங்குது, அட்டெண்டன்ஸைத் திங்குது. என்னைவிட நல்லா கணக்கு வரும் அவனுக்கு. மொட்டை மாடிக்கு வாடான்னு கூப்பிட்டேன். "ஒம்பது மணிக்கு மாவு பிசையணும் மாப்ள"ன்னான். நானா தேடிப் போய் மாட்டிக்கிட்ட கஷ்டமும், அவன் தலையில வந்து உட்கார்ந்த கஷ்டமும் ஒண்ணு இல்லை. எனக்குத் தோத்தாலும் மூணு வேளை மெஸ் சாப்பாடு இருந்துச்சு. முதல்ல சொன்னது பாடம். ரெண்டாவது அநியாயம். ரெண்டையும் ஒரே மைக்குல ஒரே வாக்கியத்துல சொல்லாதீங்க சார்.

சரி, அப்பாகிட்ட சொன்ன பொய் என்னாச்சுன்னு கேட்கிறீங்களா?

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மா பலகாரம் சுட்டுக்கிட்டிருந்தாங்க. பட்டறையில கடைசி ஷிஃப்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துட்டு நின்னேன். தறிப்பட்டறைக்குள்ள பேசணும்னா காதுக்குள்ள கத்தணும். நீங்களே யோசிச்சுப் பாருங்க, 'அப்பா, நான் ஃபெயிலாயிட்டேன், உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்'ங்கிறதைக் கத்திச் சொல்றது எப்படி இருக்கும்னு! முதல் தடவை அவருக்குக் கேட்கலை. "என்ன?"ன்னாரு. மறுபடியும் கத்தினேன். பதினோரு பேர் முன்னாடி 'தெரியலை'ன்னு சொன்னது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. ஆனா, அதைச் சொல்லிப் பழகியிருக்கலைன்னா இதைச் சொல்லியிருப்பேனான்னு தெரியலை.

அப்பா ஒரு தறியை நிறுத்தினாரு. அறுந்த இழையை முடிஞ்சாரு. மறுபடி ஓட்டிவிட்டாரு. வெளியே திண்ணைக்கு வந்து டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டாரு. "ஒரே பாடத்துல ரெண்டு வாட்டியா? அப்படி என்ன கண்ணு இருக்குது அந்தப் பாடத்துல?"

எப்படிச் சொல்றது? உள்ளே எட்டுத் தறி ஓடுற சத்தம். அதையே காட்டினேன். "இந்தச் சத்தம் மொத்தமாக் கேட்குதில்லீங்களா? இதைத் தனித்தனிச் சின்னச் சின்ன அதிர்வாப் பிரிச்சுப் பார்க்கிற கணக்குங்கப்பா."

அப்பா சிரிச்சாரு. "இதுக்கு எதுக்கு கணக்கு? மூணாவது தறியில பட்டை தேய்ஞ்சிருக்குது, கேட்கலையா உனக்கு?"

சத்தியமா எனக்கு ஒண்ணும் கேட்கலை. எனக்கு அது ஒரே 'டக்கடக்கடக்க'. முப்பது வருஷமா அந்த மனுஷன் காதாலயே ஃபோரியர் அனாலிசிஸ் பண்ணிக்கிட்டிருக்காரு!

டிசம்பர்ல பரீட்சை எழுதினேன். அஞ்சு யூனிட்டும் படிச்சுட்டுப் போனேன். எதையும் விடலை. ஃபோரியர் சீரிஸ் கணக்குல ஒரு இடத்துல விடை வினோதமா வந்துச்சு. ஒற்றைப்படை ஃபங்ஷனுக்கு காஸ் வரக் கூடாதே, எப்படி வந்துச்சுன்னு நின்னேன். ரெண்டு வரி மேல போய்ப் பார்த்தா, அதே பழைய நண்பன், ஒரு மைனஸ்! இந்தத் தடவை பிடிச்சுட்டேன். பாஸ். பெரிய கிரேடு எல்லாம் இல்லை, கேட்காதீங்க. பதினோரு பேர்ல ஒம்பது பேர் பாஸ். என்னை மாட்டிவிட்ட அந்த ஒல்லிப் பையன் என்னைவிட ரெண்டு கிரேடு மேல. போகாத ரெண்டு பேர்ல ஒருத்தன், முதல் நாள் பயபக்தியோட வந்து நின்னவன். அதுதான் இன்னும் உறுத்துது. அவன் எதுவுமே கேட்க மாட்டான், எல்லாத்துக்கும் தலையாட்டுவான். தலையாட்டுறவனுக்குப் புரியலைங்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் அப்படி ஆட்டினவன்தானே! இப்ப அவனை மட்டும் தனியா உட்கார வெச்சு, அவனைச் சொல்லித் தரச் சொல்லி நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஆறாவது செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டாங்க. ரெடிமேடா வாங்கிடலாம், ரெண்டாயிரம் ரூபாதான்னு அதே மாதிரி ஒரு அண்ணன் தோள்ல கை போட்டாரு. நான் 'தறிச் சத்தத்தை வெச்சுப் பழுதைக் கண்டுபிடிக்கிறது'ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். பெரிய தொழிற்சாலைகள்ல மோட்டாரோட அதிர்வைப் பிரிச்சுப் பார்த்து, பழுது வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறது வழக்கம்தான். 1965-ல் கூலி, டூக்கி ரெண்டு பேர் வெளியிட்ட வேகமான முறைக்கு அப்புறம் ஃபோரியர் கணக்கை கம்ப்யூட்டர் கண்சிமிட்டுற நேரத்துல போட்டுடும். எங்க ஊர்ப் பழைய தறியில அது எடுபடுமான்னுதான் கேள்வி.

இதுவரைக்கும் எடுபடலை. போன்ல பதிவு பண்ணிட்டு வந்ததுல, எட்டுத் தறி சத்தமும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, ஸ்கிரீன்ல கொட்டின சேமியா மாதிரி இருக்கு. சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தப்ப, நிமிஷத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு அடிங்கிறதுக்குப் பொருத்தமா 2.2 ஹெர்ட்ஸ்ல ஒரு சின்ன முனை தெரிஞ்சுது. அவ்வளவுதான். பழுதான தறி எது, நல்ல தறி எதுன்னு லேப்டாப்புக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. அடுத்த வியாழக்கிழமை முதல் ரிவ்யூ.

நேத்து ராத்திரி அப்பா போன் பண்ணினாரு. வழக்கமா 'சாப்பிட்டியா?'ன்னு ஆரம்பிப்பாரு. நேத்து அதைக்கூடக் கேட்கலை.

"கண்ணு, சொவத்தோரத் தறியில நேத்திருந்து சத்தம் மாறியிருக்குது. மெக்கானிக்கு திங்கக்கிழமைதான் வர்றாரு. பழுது பாக்குறதுக்குள்ள வந்து பதிஞ்சுக்கிறியா?"

சனிக்கிழமை காலை முதல் பஸ். பதினோரு பேர்ல ரெண்டு பேர் கூட வர்றாங்க. மைக்கை எங்கே வெக்கணும்னு ஒல்லிப் பையன் இப்பவே ஆரம்பிச்சுட்டான்... "ஏன்ணா அங்கே?"